ராணிப்பேட்டையின் மஞ்சள் தண்ணீர்: ஒரு கழிவு மேட்டை அளந்த கதை

போன மாசம் பண்ருட்டிக்குப் போயிருந்தபோது சித்தப்பாவின் பலாத்தோப்பு போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தேன். 640. "ஏண்டா, குடிக்கலாமா கூடாதா, ஒரே வார்த்தையில சொல்லு" என்றார். 500க்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லை என்றால் 2000 வரை போகலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது என்றேன். "அப்ப குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பதில் சரியா என்று தேடப் போய்த்தான் ராணிப்பேட்டையில் மாட்டிக்கொண்டேன்.

தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் லிமிடெட் ராணிப்பேட்டையில் 1976 முதல் 1996 வரை ஓடிய தொழிற்சாலை. தோல் பதனிட குரோமிய உப்பு வேண்டும். சுற்றிலும் தோல் தொழிற்சாலைகள். குரோமியத் தாதுவைச் சோடா உப்போடு சேர்த்து வறுத்து, தண்ணீரில் கரைத்து எடுத்தது போக மிஞ்சும் சக்கையை வளாகத்திலேயே கொட்டினார்கள். சக்கையில் ஆறு இணைதிறன் குரோமியம் கொஞ்சம் தங்கிவிடும். அதுதான் விஷம், அதுதான் நீரில் கரையும். மழை பெய்யப் பெய்ய மேட்டிலிருந்து மஞ்சளாக இறங்கும்.

எவ்வளவு சக்கை? இணையத்தில் பல பக்கங்களில் 15 லட்சம் டன் என்று இருக்கிறது. 2006ல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களில் ராணிப்பேட்டையைச் சேர்த்த பிறகு பரவிய எண் இது. கூடவே, 2 ஹெக்டேர் பரப்பு, 3 முதல் 5 மீட்டர் உயரம் என்றும் போட்டிருக்கிறார்கள். பெருக்கிப் பாருங்கள்: அதிகபட்சம் 1 லட்சம் கனமீட்டர். 15 லட்சம் டன் என்றால் ஒரு கனமீட்டர் 15 டன். ஈயமே 11 டன் சொச்சம்தான்! எங்கேயோ ஒரு சைபர் கூடிவிட்டது. ஐதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தார் (என்ஜிஆர்ஐ) சொல்வது சுமார் 2.2 லட்சம் டன். இது நம்பக்கூடியது.

அந்த நிலையத்தார் 2011ல் ஹைட்ரோஜியாலஜி ஜர்னலில் வெளியிட்ட கட்டுரைதான் என்னை அசத்தியது. நிலத்தடி நீரில் குரோமியம் லிட்டருக்கு 275 மில்லிகிராம் வரை இருந்தது. குடிநீருக்கான வரம்பு 0.05. அதாவது 5,500 மடங்கு. அதுவும் தொழிற்சாலை மூடிப் பல வருஷம் கழித்து.

எண்ணைவிட எனக்குப் பிடித்தது அதை அவர்கள் கண்டுபிடித்த விதம். ஒரு கிணற்றில் விஷம் இருப்பதைக் காட்ட ஒரு பாட்டில் போதும். அது எந்த மேட்டிலிருந்து வந்தது, எவ்வளவு தூரம் போயிருக்கிறது, இனி எங்கே போகும் என்று சொல்ல வேண்டும் என்றால் கதையே வேறு. முதலில் பல கிணறுகளின் நீர்மட்டத்தைக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிட வேண்டும். குறைந்தது மூன்று கிணறு இல்லாமல் நீர் ஓடும் திசையே தெரியாது. மேட்டுக்கு மேல்பக்கக் கிணறு சுத்தமாகவும் கீழ்ப்பக்கக் கிணறு கெட்டும் இருந்தால்தான் பழியை மேட்டின்மேல் போடலாம். பிறகு தரையில் கம்பிகளை அடித்து மின்சாரம் செலுத்தி மின்தடையைப் பார்ப்பார்கள். உப்பு கலந்த நீர் இருக்கும் இடத்தில் தடை குறையும், தோண்டாமலே மாசின் வடிவம் தெரியும். கடைசியாகக் கணினி மாதிரி. இதற்கு உலகம் முழுக்கப் பயன்படுவது மோட்ஃப்ளோ, அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை 1980களில் ஃபோர்ட்ரானில் எழுதியது. (நாங்கள் எழுதிய கோடு ஐந்து வருஷம் தாங்கினாலே அதிசயம்.) அதன் அடியில் இருக்கும் சூத்திரம் இன்னும் பழசு: 1856ல் ஹென்றி டார்சி பிரான்சின் திஜோன் நகரில் மணல் குழாயில் தண்ணீர் விட்டுக் கண்டது.

ராணிப்பேட்டை கடினப் பாறை. நீர் விரிசல் வழியாகப் போகும். ஒரு கிணறு கெட்டிருக்க, பக்கத்துக் கிணறு தப்பித்திருக்கலாம். பண்ருட்டிப் பக்கம் நேர்மாறு, கடலூர் மணற்கல். செம்மண் மழையைக் குடித்துக் கீழே அனுப்பிவிடும். அந்த ஊற்றுநீரைத்தான் நெய்வேலிச் சுரங்கத்துக்காக 1960கள் தொடங்கி பம்பு வைத்து இறைக்கிறார்கள். அவ்வளவு இறைத்தால் நீர் ஓடும் திசையே மாறும். ஆக, மேடான பக்கம்தான் மேல்பக்கம் என்று கண்ணால் பார்த்து முடிவுகட்டக் கூடாது.

சரி, 640க்கு வருவோம். டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குரோமியம் கலந்தால் வரம்பைப்போல 20 மடங்கு. மீட்டரில் 640 என்பது 642 ஆகலாம், ஆகாமலும் போகலாம். நான் சித்தப்பாவுக்குச் சொன்ன பதில் அவ்வளவு லட்சணம்.

போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். "இப்ப குடிக்கலாமா கூடாதா?" என்றார் மறுபடியும். சுற்றி இருக்கிற நாலு போரின் நீர்மட்டத்தை அளந்து வை, ஆய்வுக்கூடத்துக்கு ஆளுக்கு ஒரு பாட்டில் எடுத்துப்போகலாம், பொங்கலுக்கு வருகிறேன் என்றேன். மூன்று வீட்டில் சரி என்றார்களாம். நாலாவது வீட்டில், ரிசல்ட் மோசமாக வந்தால் மனை விலை போகாது என்று மறுத்துவிட்டார்களாம். மேல்பக்கக் கிணறு அதுவாக இருக்கக்கூடாதே என்று இருக்கிறது.