திருப்போரூர் உப்பும் ஜீப்பின் முன் அச்சும்: ஒரு மூடுறையின் வரலாறு

டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் சுழற்சிக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். மண் புகாமல் காத்த உறைதான் அதைச் சாலையில் நிலைக்கவைத்தது. கர்டானோ 16ஆம் நூற்றாண்டிலும் ஹூக் 17ஆம் நூற்றாண்டிலும் ஆராய்ந்த சிலுவை ஜாயிண்ட் மோட்டார் வண்டிக்கு வந்தபோது, 1903இல் கிளாரன்ஸ் ஸ்பைசர் அமெரிக்காவில் வாங்கிய காப்புரிமை, கிரீஸை உள்ளேயும் புழுதியை வெளியேயும் நிறுத்தும் உறைக்கானது.

வண்டியை இழுக்கும் முன்சக்கரமே திரும்பவும் வேண்டியிருந்தபோது சிக்கல் கூடியது. சாய்ந்து சுழலும் சிலுவை ஜாயிண்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை வேகம் ஏறி இறங்கும். இதைத் தீர்க்க 1920களில் வைஸ், டிராக்டா, ரெசெப்பா முதலிய சீர்வேக ஜாயிண்டுகள் பிறந்தன. இரண்டாம் உலகப் போரின்போது வில்லிஸ் ஜீப்பின் முன் அச்சில் இவை ஏறின. வழவழப்பான பரப்புகள் ஒன்றன்மீது ஒன்று ஓடும் இவ்விடத்தில் மணல் புகுந்தால் அரம்போல் தேய்க்கும். எனவே ஜாயிண்ட் முழுவதையும் எஃகுக் கோளத்துக்குள் வைத்தார்கள். சக்கரம் திரும்பும்போது கோளத்தின் வெளிப்பரப்பை ஃபெல்ட் வளையம் துடைத்துக்கொண்டே போகும்.

1940களின் இறுதியில் மகிந்திரா பம்பாயில் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. ஃபெல்ட்டும் கூடவே இந்தியாவுக்கு வந்தது. திருப்போரூர் வட்டாரத்தில் அதற்கு எதிரி இரண்டு: கடற்கரை மணலும், கேளம்பாக்கம்–கோவளம் உப்பளப் பக்கத்து ஈரக்காற்றும். இரண்டில் உப்பே கொடியது என்பேன். மணலை ஃபெல்ட் ஓரளவு தள்ளிவிடும். உப்போ கோளத்தைத் துருவேற்றிக் குழியாக்கும். குழியின் விளிம்பு ஃபெல்ட்டைக் கிழிக்கும். அந்த வழியாக மணலும் நீரும் நுழையும். உறைபனிக் காலத்தில் சக்கரத்தை இருபுறமும் திருப்பிக் கோளத்தின் ஈரத்தைத் துடைத்துவிடவும், வண்டியை நீண்டநாள் நிறுத்தினால் கோளத்தில் கிரீஸ் பூசவும் வில்லிஸ் கையேடு சொன்னது. நம் ஊரில் பனி ஏது? பனி என்ற இடத்தில் உப்பைப் போட்டுப் படித்தால் அறிவுரை அப்படியே பொருந்தும்.

அடுத்த மாற்றம் ஜாயிண்டை மூடும் ரப்பர் உறை, அதாவது பூட். இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊதிப்போகும். 1930களில் விற்பனைக்கு வந்த நியோபிரீன் எண்ணெயைத் தாங்கியது. 1959இன் மினி கார் பூட் போட்ட சீர்வேக ஜாயிண்டைப் பெருவழக்காக்கியது. 1983இல் வந்த மாருதி 800 அதை நம் மெக்கானிக்குகளின் அன்றாட வேலையாக்கியது. செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா சிட்டி ஆய்வு மையத்தில் உருவாகி 2020இல் வெளிவந்த ‘தார்’ வண்டியின் முன் அச்சிலும் பூட்தான்.

இதை முழு முன்னேற்றம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பூட் கிழிந்தால், சுழலும் வேகமே கிரீஸை வெளியே வீசிவிடும். குனிந்து பார்க்காதவருக்குத் திருப்பத்தில் ‘டக் டக்’ என்று ஜாயிண்ட் அடிக்கும்போதுதான் தெரியும். ஃபெல்ட் மெல்லத் தோற்கும். முதலில் கசிந்து காட்டும். ஆனால் கசிவெல்லாம் ஃபெல்ட்டின் குற்றமல்ல. கோளத்தடியில் கெட்டி கிரீஸுக்குப் பதில் நீர்த்த எண்ணெய் வழிந்தால், அச்சின் உள் ஆயில் சீல் போய் டிஃபரென்ஷியல் எண்ணெய் கலக்கிறது என்று பொருள். ஃபெல்ட்டை மட்டும் மாற்றினால் கசிவு நிற்காது. அச்சை வெளியே இழுத்து உள் சீலையும் மாற்றியாக வேண்டும்.