வழக்கு எந்த ஊரில் விசாரிக்கப்பட வேண்டும்?



மாப்பிள்ளை ஓட்டமாவடி, பெண் காத்தான்குடி. பிணக்கு முற்றிவிட்டால் எந்தக் காதியாரிடம் போவது? 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் பதில் இருக்கிறது. தலாக் சொல்ல விரும்பும் கணவன், மனைவி வசிக்கும் பகுதியின் காதிக்கே அறிவித்தல் கொடுக்க வேண்டும். அலைச்சல் அவனுக்குத்தான். அச்சட்டத்தின் குறைகளைப் பற்றி நாம் எவ்வளவோ வாதாடுகிறோம். ஆனால் இந்த விதிக்குள் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது: யாருக்குப் பயணம் கடினம்?

மற்ற நீதிமன்றங்களிலும் பொதுவிதி, குற்றம் நடந்த எல்லைக்குள் வழக்கு நடப்பதுதான். இடம் மாற்றவும் வழி உண்டு. 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி, ஓரிடத்தில் நீதியான, பக்கச்சார்பற்ற விசாரணை நடக்காது என்று கண்டால் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை வேறிடத்துக்கு மாற்றலாம். குற்றவியல் வழக்குகளில் சட்டமா அதிபருக்கும் அந்த அதிகாரம் உண்டு.

இது நம் மாவட்டத்தில் எப்படி நடந்தது என்று பார்ப்போம். 1992 ஓகஸ்ட் 8இல் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ யாழ்ப்பாணத்தில் கண்ணிவெடியில் கொல்லப்பட்டார். மறுநாள் புணானைப் பக்கத்து மயிலந்தனைக் கிராமத்தில் பெண்கள், பிள்ளைகள் உட்பட 35 தமிழர்கள் கொல்லப்பட்டனர். இராணுவத்தினர் மீது மட்டக்களப்பில் தொடங்கிய வழக்கு பொலன்னறுவைக்கும், பின்னர் கொழும்புக்கும் மாற்றப்பட்டது. 2002 நவம்பரில் யூரிகள் எதிரிகளை விடுதலை செய்தனர்.

போர்க்காலத்தில் மட்டக்களப்பு நீதிமன்றுக்கு வருவது தங்கள் உயிருக்கு ஆபத்து என்று ஒரு படைவீரர் சொன்னால், அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. எதிரிக்கும் நீதியான விசாரணை வேண்டும். ஆனால் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் தாயை, பிள்ளையைப் பறிகொடுத்த ஏழைக் கிராமத்தவர்கள். சோதனைச் சாவடிகளைக் கடந்து, வெகு தொலைவில், மொழி தெரியாத ஊரில் அவர்கள் நிற்க வேண்டியிருந்தது. யூரிகளை எந்த மொழிப் பட்டியலிலிருந்து எடுப்பது என்று தெரிவுசெய்யும் உரிமையும் நம் சட்டப்படி எதிரிக்கே உண்டு.

இது ஒரேயொரு வழக்கோடு முடியவில்லை. 1996 பெப்ரவரி 11இல் திருகோணமலை மாவட்டத்தின் குமாரபுரத்தில் 24 பேர் கொல்லப்பட்ட வழக்கு அனுராதபுரத்தில் விசாரிக்கப்பட்டது. 20 வருடங்களின் பின், 2016 ஜூலையில், யூரிகள் ஆறு இராணுவத்தினரையும் விடுவித்தனர்.

இடம் மாறியதால்தான் தீர்ப்பு அப்படி வந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. பாதுகாப்பைத் தேடி வழக்கை மாற்றும்போது, யாருடைய பாதுகாப்பு, யாருடைய அலைச்சல் என்ற இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டும் என்கிறோம். சாட்சிகளுக்குப் போக்குவரத்து, தங்குமிடம், பாதுகாப்பு, நல்ல மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் செய்யும் மாற்றம் ஒரு பக்கத்துக்கு மட்டுமே நீதி.

1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலிருந்து ஜனாஸாக்களைச் சுமந்த சமூகம் நாம். மயிலந்தனையின் துயரம் நமக்கு அந்நியமானதல்ல. இனிமேல் "வழக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றம்" என்று செய்தி வந்தால், அது எந்தச் சமூகத்தின் வழக்காக இருந்தாலும், ஒரு கேள்வி கேட்போம்: அந்தச் சாட்சிகள் அங்கே போய்ச் சேர்வார்களா?