போகன்விலாவும் ஜான் பறேயும்

எங்கள் வீட்டு மதிலோரத்தில் நிற்கும் போகன்விலாவை ஆண்டுதோறும் மாரிமழைக்கு முன்னர் வெட்டிவிடுவது என் பொறுப்பு. சென்ற முறை வெட்டிக்கொண்டிருந்தபோது, இது எந்த நாட்டுப் பெயர் என அயல்வீட்டுச் சிறுமி கேட்டாள். பிரெஞ்சுப் பெயர் என்றேன். விடை பிழையன்று; ஆனால் பாதி விடைதான்.

1766இல் பிரான்சிலிருந்து உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட கடற்பயணத்தின் தலைவர் லூயி அந்துவான் டி பூகன்வில். பயணத்தின் தாவரவியலாளர் பிலிபேர் கொமேர்சோன். 1767இல் பிரேசிலின் றியோ டி ஜெனீரோவில் இச்செடி அவர்களுடைய சேகரிப்பில் சேர்ந்தது. கொமேர்சோன் அதற்குத் தலைவரின் பெயரைச் சூட்டினார். 1789இல் ஜுசியூவின் நூலில் அப்பெயர் அச்சேறியது.

கொமேர்சோனின் உதவியாளராக, ஆணுடை தரித்துப் பயணம் செய்தவர் ஜான் பறே என்ற பெண். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்களில் பெண்கள் செல்வதற்கு அன்று தடை இருந்தது. கொமேர்சோனுக்குக் காலில் ஆறாத புண். ஆகவே மலைகளில் ஏறிச் செடி பறித்ததும், கட்டுகளைச் சுமந்ததும் பெரும்பாலும் பறேதான். போகன்விலாவை முதலில் கண்டவரும் அவராகவே இருக்கலாம் என்று சிலர் வாதிடுவர். அதற்கு நேரடிச் சான்று இல்லை. 1768இல் தாஹிட்டியில் அவருடைய வேடம் கலைந்தது. பூகன்வில் அவரது துணிவை மதித்தே எழுதினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பூவின் பெயர் பூகன்விலுடையது. பிரதேச நிருபர் அனுப்பிய செய்தி வேறொருவர் பெயரில் வெளிவருவதைப் பத்திரிகைக் கந்தோரில் பலமுறை கண்டவன் நான். இதில் எனக்கு வியப்பில்லை.

கொமேர்சோன் 1773இல் மொரிசியசில் இறந்தார். பறே பின்னர் பிரான்சு திரும்பி உலகைச் சுற்றிவந்த முதற்பெண் ஆனார். 1785இல் அவருக்கு ஆண்டுக்கு 200 லிவர் ஓய்வூதியம் கிடைத்தது. அவர் 1807இல் காலமானார். கொமேர்சோன் ஒரு செடிக்கு இட்ட அவரது பெயர் நிலைக்கவில்லை. 2012இல்தான் தென்னமெரிக்கத் தாவரம் ஒன்றுக்கு 'சொலானம் பறேற்றியே' எனப் பெயரிட்டனர். அது நமது கத்தரிக்கு உறவு.

இனி வெட்டும் முறை. நாம் பூவென்று கொள்ளும் நிறமுள்ள பகுதி பூவடிச் செதில். உண்மையான பூ அதன் நடுவிலுள்ள சிறு வெண்குழல். புதிய துளிர்களிலேயே அது பூப்பதால், பூத்து ஓய்ந்தபின் நன்றாகக் குறைத்து வெட்ட வேண்டும். மொட்டுக்கட்டும் வேளையில் கத்தியெடுத்தால் அந்தப் பருவமே போய்விடும். தண்ணீரும் பசளையும் தாராளமாக ஊற்றினால் இலைதான் மிஞ்சும். வெயிலும் சிறிது வரட்சியுமே அதற்கு வேண்டும். பலர் அன்பினாலேயே இச்செடியைக் கெடுக்கிறார்கள்.

வெட்டிய தடிகளில் பென்சில் பருமனான இரண்டைச் சிறுமியிடம் கொடுத்தேன். மணல் கலந்த மண்ணில் நட்டு, துளிர்க்கும் வரை நிழலில் வைக்கச் சொன்னேன். பறேயின் கதையையும் சொன்னேன். அவள் தன் சாடியில் 'ஜான்' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.