கடலடி வயலும் யூத இளைஞரும்

ஒல்லாந்தர் என்றதும் நமக்குக் கோட்டைகளும் காணித் தோம்புகளுமே முன்னிற்கும். தம் தாயகத்தில் அவர்கள் கடலோடு நடத்திய நெடும் போராட்டத்தை நாம் அத்துணை அறிந்தோமல்லோம். அப்போராட்டத்தில் வென்றெடுத்த வயல்வெளி ஒன்றின் வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

ஒல்லாந்தின் வடபாகத்தில் வீரிங்கர்மேர் என்றொரு நிலப்பரப்பு உண்டு. அது ஏறக்குறைய 50,000 ஏக்கர் விரிவுடையது. சுய்டர்சே என்னும் உட்கடலின் ஒரு பகுதியை அணையிட்டுப் பிரித்து, பெரும் பொறிகளால் நீரிறைத்து, 1930ஆம் ஆண்டில் அதனை வற்றச் செய்தனர். நீர் வடிந்த மாத்திரத்தே கடலடி கழனியாகிவிடாது. சேற்றில் ஊறிய உப்பு நீங்கவேண்டும். அதன்பொருட்டு எங்கும் வடிகால் வெட்டினர். மழைநீர் மண்ணினூடே இறங்கி உப்பைக் கரைத்து வடிகாலிற் சேர, அதனையும் வெளியே இறைத்தனர். உவர்நிலத்தோடு மல்லாடும் நம் கரையோரக் கமக்காரருக்கு இதன் அருமையை விளக்கவேண்டியதில்லை.

இப்புதுநிலத்தில் 1934ஆம் ஆண்டில் யூதர் ஒரு பயிற்சிக் குடியிருப்பை அமைத்தனர். ஒல்லாந்தர் அதனை 'வேர்க்டோர்ப்', அதாவது வேலைக் கிராமம் என்றனர். ஹிட்லரின் ஆட்சிக்கு அஞ்சி ஜேர்மனியிலிருந்து வெளியேறிய இளைஞரும் யுவதியரும் அங்கே வந்தனர். நகரங்களிற் பிறந்த அவர்களுட் பலர் ஏர் பிடித்தறியாதவர். உழவு, கால்நடை வளர்ப்பு, தோட்டச் செய்கை, தச்சு, கொல்லு ஆகியவற்றைக் கற்றுப் பலஸ்தீனத்துக்கோ பிற நாடுகளுக்கோ செல்வதே அவர்தம் நோக்கம். பயிற்சி முடிந்ததும் ஒல்லாந்தை விட்டு நீங்கவேண்டுமென்பது அரசாங்கம் விதித்த நிபந்தனை. நிலம் கொடுத்தார்கள்; ஆனால் நிலைத்திருக்க இடம் கொடுத்தாரல்லர். உலக நாடுகளும் ஒவ்வொன்றாய்க் கதவடைத்துக்கொண்டிருந்த காலம் அது. இருப்பினும் நூற்றுக்கணக்கானோர் கற்றனர். பலர் காலத்தே கடல் கடந்தனர்.

1940 மே மாதத்தில் ஜேர்மன் படை ஒல்லாந்தைக் கைப்பற்றிற்று. 1941 மார்ச் 20ஆம் திகதி கிராமத்தவரிற் பெரும்பாலோரை அம்ஸ்டர்டாமுக்கு அகற்றினர். பயிரையும் மாடுகளையும் பேண ஒரு சிலரை மட்டும் சில காலம் விட்டுவைத்தனர். மனிதரை வேண்டாதாருக்கும் விளைச்சல் வேண்டியிருந்தது போலும்!

அடுத்து நிகழ்ந்ததே கொடுமை. ஜூன் மாதத்தில் கிளௌஸ் பார்பி என்னும் ஜேர்மன் அதிகாரி, இளைஞர் கிராமத்துக்குத் திரும்பலாம் என்று கூறி, யூத சபையாரிடமிருந்து அவர்களுடைய முகவரிகளைப் பெற்றான். வயலுக்கு மீள்வதென்ற ஆசையையே தூண்டிலாக்கினான். 11ஆம் திகதி அம்முகவரிகளைக் கொண்டு வேட்டை நடந்தது. இவர்களும் ஏனைய யூத இளைஞருமாக ஏறத்தாழ 300 பேர் பிடிபட்டு, பின்னர் மௌட்ஹவுசன் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அங்குக் கற்சுரங்க உழைப்பிலும் சித்திரவதையிலும் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய அனைவரும் மாண்டனர். ஒல்லாந்திலிருந்த சுமார் 1,40,000 யூதருள் 1,00,000க்கு மேற்பட்டோர் போர் முடியுமுன் கொல்லப்பட்டனர். பார்பிக்கோ பிரெஞ்சு நீதிமன்றம், அந்நாட்டில் அவன் புரிந்த வேறு குற்றங்களுக்காக, 1987இலேதான் ஆயுட்தண்டனை விதித்தது.

வயலின் கதை இன்னுஞ் சிறிது உண்டு. 1945 ஏப்ரல் 17ஆம் திகதி, தோல்வி நெருங்கிய வேளையில், ஜேர்மன் படையினர் அணையை வெடிவைத்துத் தகர்த்தனர். வீரிங்கர்மேர் முழுவதும் வெள்ளத்துள் ஆழ்ந்தது. ஒல்லாந்தர் உடைப்பை அடைத்து, மீண்டும் பொறிகளை இயக்கி, அவ்வாண்டு திசம்பரில் நிலத்தை மீட்டனர். இளைஞர் கூடியிருந்த வேலைக் கிராமத்தின் நடுக்கட்டடம் அவ்வெள்ளத்துக்கும் தப்பி இன்றும் அவ்வயல்களிடையே நிற்கின்றது.