இருமுறை வந்த ரயில்

ஜவளகிரியிலிருந்து ரயில் ஏறவேண்டுமென்றால் முதலில் பஸ் ஏறவேண்டும். தளி வழியாகவோ தேன்கனிக்கோட்டை வழியாகவோ ஓசூருக்கு வந்து, அங்கே ஸ்டேஷனில் நின்று, சேலம் பக்கம் போகிற வண்டியா பெங்களூர் பக்கம் போகிற வண்டியா என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் விசாரித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தோடு தாமும் விசாரிக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் இருக்கும் இளைஞர்களிடம் இந்த ஊருக்கு ரயில் எப்போது வந்தது என்று கேட்டால், தம் தாத்தா காலத்தில் என்பார்கள். அது தப்பில்லை. ஆனால் தாத்தாவின் தாத்தா காலத்திலும் ஒரு ரயில் இங்கே வந்தது. வந்து, இருபத்தெட்டு வருஷம் ஓடிவிட்டு, தண்டவாளத்தோடு போய்விட்டது.

ரயிலால் பிறந்த ஊர்கள் உலகத்தில் அநேகம். அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில், வெறும் புல்வெளியாய்க் கிடந்த பூமியில் இல்லினாய் சென்ட்ரல் கம்பெனி 1850-களில் பாதை போட்டபோது, தண்டவாளம் முந்தியும் மனிதர் பிந்தியுமாக ஊர்கள் முளைத்தன. சென்ட்ரேலியா என்ற ஊர் தன் பெயரையே அந்தக் கம்பெனியிடமிருந்து பெற்றுக்கொண்டது. நம்முடைய ஜோலார்பேட்டையையும் ஏறக்குறைய அந்த ஜாதியில் சேர்க்கலாம். 1864-இல் அங்கிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்குக் கிளைப்பாதை பிரிந்த பிறகு, அந்த ஊரின் வாழ்வு முழுவதும் சந்திப்பு ஸ்டேஷனைச் சுற்றியே அமைந்துவிட்டது. ஓசூரின் கதை இதற்கு நேர்மாறு.

அந்த முதல் ரயிலின் மூலகாரணத்தைத் தேடிப் போனால், அது வியாபாரத்தில் அல்ல, பட்டினியில் போய் முடிகிறது. 1876-இல் தொடங்கி 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. அன்றைய சேலம் ஜில்லாவில்தான் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஓசூரும் அடங்கியிருந்தன. 1871-இல் எடுத்த ஜனக்கணக்கையும் 1881-இல் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஜனங்களைக் காணோம். தானியம் இல்லாமலா இத்தனை பேர் போனார்கள்? சென்னையிலிருந்து மேற்குக் கரைக்குப் போகும் பெரிய பாதை இந்த ஜில்லாவின் ஊடாகத்தான் ஓடிற்று. ஸ்டேஷன் வரைக்கும் மூட்டைகள் வரத்தான் வந்தன. ஸ்டேஷனிலிருந்து உள்நாட்டுக்கு இழுத்துப்போக வேண்டிய மாடுகள் தீவனமின்றி மனிதருக்கு முன்னரே மாண்டுபோயிருந்தன. 1880-இல் அறிக்கை தந்த பஞ்சக் கமிஷன், லாபம் வராவிட்டாலும் உயிரைக் காக்கும் பொருட்டு ரயில்பாதைகள் போடவேண்டும் என்று சொன்னதற்கு இப்படிப்பட்ட அனுபவங்களே ஆதாரம். க்ஷாமம் அடங்கிய அந்த 1878-ஆம் வருஷத்தில்தான், ஓசூருக்கு அருகில் தொரப்பள்ளிக் கிராமத்து முன்சீப்பின் வீட்டில் ராஜாஜி பிறந்தார். பள்ளிக்கூடம் போன வயதில் அவர் ஓசூரில் ரயிலைக் கண்டிருக்க முடியாது. அது வந்து சேர்ந்தபோது அவர் சேலத்தில் பெயர்பெற்ற வக்கீல்.

சிபாரிசுக்கும் காரியத்துக்கும் இடையே கால் நூற்றாண்டு கழிந்தது. 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சுமார் 25 மைல் தூரத்துக்கு ஒரு குறுகிய பாதை திறந்தார்கள். 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு மற்றொன்று, சுமார் 18 மைல். இந்த இரண்டாவது பாதைதான் 1913-இல் பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் வரையில் நீண்டது. தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடைவெளி இரண்டரை அடி. தருமபுரி கடல்மட்டத்துக்குச் சுமார் 1,500 அடி உயரத்தில் இருக்கிறது. ஓசூரோ 3,000 அடியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பாராமகாலின் சமவெளியிலிருந்து பாலாகாட்டு மேட்டுக்கு அந்தச் சிறிய எஞ்சின், பாறையும் புதருமான சரிவுகளைச் சுற்றிச் சுற்றி, மூச்சுவாங்கி ஏறியிருக்கும். அதன்மேல் எனக்கு ஒரு பரிவு உண்டு என்பதை மறைப்பானேன்; ஆனால் பரிவு வேறு, கணக்கு வேறு.

கணக்கைப் பார்ப்போம். ஜவளகிரிக் காட்டோரத்துக் குடியானவர் ஒருவர் ஒரு மூட்டை புளியை விற்கப் புறப்பட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி கட்டி ஓசூருக்கு வந்தாயிற்று. ரயிலில் போட்டால் மூட்டை தென்கிழக்கே 70 மைலுக்கு மேல் ஊர்ந்து மொரப்பூர் சேரும். அங்கே பெரிய பாதையின் அகலம் ஐந்தரை அடி; சின்ன வண்டியின் பெட்டி அதன்மேல் ஓடாது. ஆகவே கூலியாட்கள் மூட்டையைக் கொக்கியால் குத்தி இழுத்து, முதுகில் ஏற்றி, பிளாட்பாரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோய் மறுபடி அடுக்க வேண்டும். குத்திய இடத்தில் சாக்கு கிழியும். ராகி மூட்டையாயிருந்தால் வழியெல்லாம் சிந்தும். கூலி ஒரு செலவு, சேதாரம் ஒரு செலவு, பெரிய வண்டிக்குக் காத்துக் கிடப்பது வேறொரு செலவு. அதே குடியானவர் ரயிலைத் திரும்பியும் பாராமல், அத்திப்பள்ளி வழியாகச் சாலையோடு வண்டியை ஓட்டினால், 25 மைலில் பெங்களூர்; சாயங்காலம் மாட்டைப் பூட்டினால் விடிந்து சந்தையில் நிற்கலாம். எவர்தான் மொரப்பூருக்குப் போவார்?

அந்த 25 மைலுக்குத் தண்டவாளம் போட்டிருந்தால் கதையே மாறியிருக்கும் என்பது என் அபிப்பிராயம். எல்லைக்கு அப்புறம் மைசூர் ஸமஸ்தானம், இப்புறம் சென்னை ராஜதானி. பாதை ஓசூரோடு நின்றது. முட்டுச்சந்தாய் முடிகிற ரயில், பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவரும். நல்ல காலத்தில் அதனிடம் கொடுத்தனுப்ப எதுவும் சேராது. பஞ்சத்துக்காகப் பிறந்தது, பஞ்சமில்லாத வருஷங்களில் நஷ்டத்தில் ஓடிற்று. 1920-களுக்குப் பிறகு மோட்டார் பஸ் வந்து வீட்டு வாசலில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கத் தொடங்கியதும், மிச்சமிருந்த பிரயாணிகளும் போனார்கள். 1941-இல் பாதையை மூடித் தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். இதில் விதியின் விளையாட்டையும் பாருங்கள்: ரயிலைத் தோற்கடித்த பஸ்ஸுக்கு யுத்தகாலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், முதுகில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு மேட்டில் திணற வேண்டி வந்தது, பக்கத்தில் கைகொடுக்க ரயில் இல்லை.

பிறகு ஒரு தலைமுறைக் காலம் ஓசூர் ரயில் இல்லாத ஊர். 1824-இல் அமைந்த கால்நடைப் பண்ணையும், கலெக்டர் பிரெட் கட்டிய இங்கிலீஷ்க் கோட்டையின் ஞாபகமும், வாரச் சந்தையுமாக அது இருந்தது. 1960-களின் இறுதியில் சேலத்துக்கும் பெங்களூருக்கும் மீட்டர் பாதை அமைந்தபோதுதான் இரண்டாவது ரயில் வந்தது. பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை, கெலமங்கலம் என்று பழைய திசையிலேயே ஏறிவந்த இந்தப் பாதை, ஓசூரில் நிற்காமல் எல்லையைத் தாண்டியது. முதல் ரயில் செய்யத் தவறியதை இது செய்தது. ஆனால் பழைய வியாதி ஒன்று இதையும் விடவில்லை: அகலப்பாதையில் போகவேண்டிய சரக்கு வழியில் வண்டி மாறியே தீரவேண்டும். 1990-களில் பாதையை அகலப்படுத்திய பின்னரே அந்தத் தொல்லை தீர்ந்தது.

அதற்குள் ஓசூர் தன் பெரிய வளர்ச்சியில் பாதியைக் கண்டுவிட்டது. 1971-இல் பிறந்த சிப்காட் இங்கே தொழிற்பேட்டை அமைத்தது. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும், அந்தப் பத்தாண்டிலேயே டைட்டன் கடிகாரமும் வந்தன. இவர்கள் இங்கே வந்ததற்குப் பெங்களூரின் அண்மை, குளிர்ந்த சீதோஷ்ணம், நெடுஞ்சாலை, பின்தங்கிய பகுதிக்குச் சர்க்கார் கொடுத்த சலுகை என்று பல காரணம் சொல்லலாம். ரயிலை அந்த வரிசையில் முன்னால் வைக்க முடியாது. லாரி செய்கிற ஊர் லாரியால் வளர்ந்தது என்பதில் ஆச்சரியமென்ன? ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள்தாம் இந்த ஊரின் நேரத்தை இன்றும் நிர்ணயிக்கின்றன. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று.

ஸ்டேஷன் தமிழ்நாட்டில் இருக்கிறது. அதை ஆளும் கோட்டம் பெங்களூரில், தென்மேற்கு ரயில்வேயில். தருமபுரிக்கும் அப்படியே. மொரப்பூரோ தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். அந்த மொரப்பூரையும் தருமபுரியையும் மீண்டும் இணைக்க 36 கிலோமீட்டர் அகலப்பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1941-இல் பெயர்த்ததற்குப் பதிலாக எழுபத்தெட்டு வருஷம் கழித்து நட்ட கல் அது.

ஜவளகிரிப் பக்கத்துப் புளி இப்போது வண்டியில் போவதில்லை. தளிப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் வெட்டிய ரோஜாக்கள், முள் சீவி, மொட்டுக்குக் காகிதம் சுற்றி, குளிர்பெட்டி லாரியில் இரவோடிரவாகப் பெங்களூர் விமான நிலையத்துக்குப் போகின்றன. பிப்ரவரி மாதத்தில் லாரிகள் அதிகம். அத்திப்பள்ளி வழியாகத்தான்.