கன்னாபிடியால்

கஞ்சாச் செடியில் உள்ள ஒரு சேர்மம். சில கடுமையான வலிப்பு நோய்களுக்கு மருந்தாகிறது. போதை தருவது அதே செடியின் டெட்ராஹைட்ரோகன்னாபினால். கன்னாபிடியாலுக்கு அந்தக் குணம் இல்லை. இந்த வேறுபாடு புரியாததால் எழும் அச்சமும் மிகை நம்பிக்கையும் இன்றும் தீரவில்லை.

கல்கத்தாவில் பணியாற்றிய மருத்துவர் ஓ'ஷாக்னெஸ்ஸி, கஞ்சாச் சாற்றால் ஒரு குழந்தையின் வலிப்பு அடங்கியதை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பதிவு செய்தார். ராஜர் ஆடம்ஸ் குழுவினர் 1940இல் கன்னாபிடியாலைப் பிரித்தெடுத்தனர்; 1963இல் ரபேல் மெஷூலம் இதன் வேதிக் கட்டமைப்பை விளக்கினார். நம்பத்தக்க சான்று வர மேலும் அரை நூற்றாண்டு பிடித்தது. 2017இல் வெளியான ஆய்வில் டிராவே நோய்க்குறி என்னும் கடுமையான வலிப்பு நோய் கொண்ட 120 சிறார்களும் இளைஞர்களும் பங்கேற்றனர். மருந்து பெற்றவர்களிடம் மாத வலிப்புகளின் இடைநிலை எண் 12.4இலிருந்து 5.9 ஆனது, போலிமருந்து பெற்றவர்களிடம் 14.9 என்பது 14.1 ஆனது, அவ்வளவே. அமெரிக்கா 2018இல் டிராவே, லெனாக்ஸ்-கஸ்டாட் நோய்க்குறிகளுக்கு இதன் தூய வடிவமான எபிடியோலெக்ஸை அனுமதித்தது.

வலிப்பை இது தடுக்கும் விதம் முழுமையாகத் தெளிவாகவில்லை. தூக்கக் கலக்கம், வயிற்றுப்போக்கு, பசியின்மை ஆகியவை பக்கவிளைவுகள். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்துடன் சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் உயரலாம். குளோபஜாம் என்ற மற்றொரு வலிப்பு மருந்துடன் சேர்ந்தால், அதன் வளர்சிதைப் பொருள் இரத்தத்தில் கூடுவதால் தூக்கம் மிகும். ஆய்வில் கண்ட பயனில் எவ்வளவு இந்தக் கூடுதலால் விளைந்தது என்ற விவாதமும் உண்டு. கடைகளில் விற்கும் கன்னாபிடியால் எண்ணெய்களில் அளவு சீராக இராது. அவை இம்மருந்துக்கு மாற்றல்ல.