கேற்றடிக் கமராவும் 1858ஆம் ஆண்டுக் கேபிளும்



போன மாதம் இஷா நேரம், எங்கள் பள்ளிவாசல் கேற்றடியில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள் ஒன்று காணாமல் போனது. கமராவில் ஆள் தெரிகிறார், முகம் தெரியவில்லை. நம்பர் பிளேட் வெறும் வெள்ளைப் பட்டி. "கமரா சரியில்லை, புதிது வாங்குவோம்" என்றார்கள். கழற்றி, றெக்கோடருக்குப் பக்கத்தில் குட்டை வயரில் பூட்டிப் பார்த்தோம். படம் பளிச்சென்று இருந்தது. பிழை கமராவில் இல்லை, இடையில் ஓடிய நீண்ட கேபிளில்.

இது பழைய பிரச்சினை. கொழும்புக்கும் காலிக்கும் இடையே இலங்கையின் முதல் தந்தி வழி வந்த அதே 1858இல், அயர்லாந்திலிருந்து நியூபவுண்ட்லாந்துக்கு அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியால் கேபிள் போட்டார்கள். விக்டோரியா மகாராணியின் செய்தி நூறு சொல்கூட இல்லை. போய்ச் சேர ஏறக்குறைய 16 மணித்தியாலம் எடுத்தது. பொறுப்பாக இருந்த வைட்ஹவுஸ் தொழிலால் ஒரு வைத்தியர். சமிக்ஞை பலவீனம் என்றால் அழுத்தத்தைக் கூட்டுவதே மருந்து என்று நம்பினார். சுமார் 2000 வோல்ட் கொடுத்தார். சில கிழமைகளில் கேபிள் செத்தது.

பிற்காலத்தில் லோர்ட் கெல்வின் ஆன வில்லியம் தொம்சன் முன்பே கணக்குப் போட்டிருந்தார்: கடலடிக் கேபிளின் நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும். அவர் சொன்ன மருந்து வேறு. சுத்தமான, தடித்த செம்பு, நல்ல காப்புறை, நுண்ணிய சமிக்ஞையையும் பிடிக்கும் வாங்கி. 1866இல் வென்றது அந்த வழிதான்.

பிறகு 1880இல் ஹெவிசைட் கோஅக்சியல் கேபிளுக்கும், 1881இல் கிரஹம் பெல் முறுக்கிய சோடி வயருக்கும் காப்புரிமை பெற்றார்கள். இன்று கமராக் கடையில் நாம் வாங்குவது இவ்விரண்டின் பிள்ளைகளைத்தான்.

அன்று தந்திக் குறிகள் ஒன்றோடொன்று கலங்கின. இன்று கேபிள் நீள நீள உயர் அதிர்வெண்கள் முதலில் தேய்கின்றன. படத்தின் நுண்ணிய விபரங்கள் அவற்றில்தான் இருக்கின்றன. அதனால்தான் ஆள் தெரிகிறார், முகம் தெரிவதில்லை.

கேபிள் இழுக்குமுன் பார்க்க வேண்டியவை:

நடுக்கம்பியில் காந்தம் ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு. வேண்டாம். உள்ளும் வலையும் முழுச் செம்பாக இருக்கட்டும்.

ஆர்.ஜி. 59 கேபிளை 200, 300 மீட்டருக்கு மேல் நம்ப வேண்டாம். ஆர்.ஜி. 6 கொஞ்சம் கூடத் தாங்கும். அதற்கும் மேலே என்றால் ஃபைபர்.

அம்ப்ளிஃபயர் பூட்டுவதென்றால் கமராப் பக்கம் பூட்டுங்கள். றெக்கோடர் பக்கம் பூட்டினால் வழியில் சேர்ந்த இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

கமராவடியில் 12 வோல்ட் வருகிறதா என்று மீற்றர் வைத்துப் பாருங்கள்.

2018 மார்ச்சில் நமது கண்டி மாவட்டம் கண்டதைக் கண்ட நமக்கு, தெளிவான பதிவு ஒன்றின் பெறுமதியைச் சொல்லித் தரத் தேவையில்லை. முகம் தெரியாத பதிவு சாட்சியாகாது. சில நேரம் நிரபராதி மீதும் சந்தேகத்தைப் போட்டுவிடும்.

கெலிஓயாவில் கடை, வீடு, மத்ரஸா வைத்திருப்பவர்கள் இன்றிரவே உங்கள் பதிவை ஒருமுறை போட்டுப் பாருங்கள். தேவை வந்த பிறகு பார்த்துப் பயனில்லை.